கூகுள் ஏர்த் புரோ: வயலுக்குள் மறைந்த ஈமத்திட்டுகளைத் தேட எவ்வளவு கை கொடுக்கும்?

கணினியில் நிறுவிப் பாவிக்கும் கூகுள் ஏர்த் புரோ இன்றைக்கு முற்றிலும் இலவசம். 2015 ஜனவரிக்கு முன்னர் இதன் ஆண்டுச் சந்தா 399 அமெரிக்க டொலர். பழைய மடிக்கணினி ஒன்றும் ஓரளவு நிலையான இணைய இணைப்பும் இருந்தால் இப்போது எவரும் தன் ஊர்க் காணியை வானிலிருந்து, பல ஆண்டுகளின் படங்களில், மாறிமாறிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் தொல்லியல் படிக்கிற மாணவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், வயலுக்குள் பெருங்கற்காலப் புதைகுழி ஏதும் தெரியுமா என்று தேட நினைக்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈமத்திட்டு, அதாவது இறந்தோரைப் புதைத்து மேலே எழுப்பிய மண்மேடு, வான்படத்தில் எப்படித் தெரியும் என்று கண்ணைப் பழக்குவதற்கு ஐந்துக்கு நாலரை. குடாநாட்டு வயலில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டரை. இந்த இடைவெளிக்கு மென்பொருள் மட்டும் காரணமில்லை. இங்குள்ள சூரியன், மண், தண்ணீர் இறைப்பு, அக்கால மக்கள் புதைத்த முறை நான்கும் அதற்குள் இருக்கின்றன. இவற்றை விளங்காமல் திரையில் வட்டம் தேடினால் நூறு வட்டம் கிடைக்கும். நூறும் கிணறும் களமும் செல் (எறிகணை) விழுந்த குழியுமாகத்தான் இருக்கும்.

எதைத் தேடுகிறோம்?

வான்படத் தொல்லியல் வளர்ந்தது இங்கிலாந்தின் சுண்ணக்கல் மேட்டு நிலங்களில். ஆகவே கையேடுகள் சொல்கிற அடையாளங்களெல்லாம் அங்கத்தைய வெண்கலக்கால வட்ட ஈமத்திட்டுக்கு உரியவை: நடுவில் மண் குவியல், அதைச் சுற்றி அகழி. குவியலுக்கு வேண்டிய மண்ணையும் கல்லையும் அந்த அகழியிலிருந்தே எடுத்தார்கள். பின்னர் நூற்றாண்டுக் கணக்காக உழுது குவியல் நிரவுப்பட்டுப் போனாலும் அகழி நிலத்துக்குள் அப்படியே இருக்கும். காலப்போக்கில் அதற்குள் மேல்மண் நிரம்பிவிடும்.

அது மூன்று விதமாக வெளியே தெரியும். திட்டு இன்னும் எஞ்சியிருந்தால் சரிந்த வெயிலில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும். இது நிழல் தடம். உழுத நிலத்தில் அகழி மண் கறுப்பு வளையமாகவும் சிதைந்த குவியலின் சுண்ணக்கல் வெள்ளைத் திட்டாகவும் தெரியும். இது மண் தடம். மூன்றாவது பயிர்த் தடம். அகழிக்குள் மண் ஆழம், ஈரம் அதிகம். வரட்சியில் மற்றப் பயிர் மஞ்சளாகும்போது அகழிக்கு மேலே நிற்கும் பயிர் இன்னும் பச்சையாக, சற்று உயரமாக நிற்கும். நிலத்துக்குள் கல் கட்டுமானம் இருந்தால் இதற்கு நேர்மாறு: அந்த இடம்தான் முதலில் காயும். 2018 யூலையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே ட்ரோன் பறக்கவிட்ட இருவர், அதுவரை எவரும் அறியாத பெரும் வட்ட அமைப்பொன்றைப் பயிரில் கண்டது அந்த ஆண்டின் கடும் வரட்சியால்தான்.

படம் காட்டுவது வடிவத்தை மட்டுமே, காலத்தையும் பயனையும் அல்ல. இங்கிலாந்தின் வில்ட்சயரில் உள்ள வூட்ஹெஞ்ச் நெடுங்காலம் உழுது நிரவப்பட்ட ஈமத்திட்டு என்றே கருதப்பட்டது. 1925 டிசம்பரில் விமானி கில்பேர்ட் இன்சால் அதை வானிலிருந்து கவனித்தார். 1926 யூலையில் கோதுமை வளர்ந்து நின்றபோது வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளி வரிசைகள் தெளிவாகத் தெரிந்தன. அகழ்ந்து பார்த்ததில் அவை மரத்தூண் நட்ட குழிகள். வெளி வட்டம் ஒன்றுதான். உள்ளே இருந்தது வேறு.

மென்பொருளை எப்படி வைத்துக்கொள்வது

திறந்தவுடன் அமைப்புகளுக்குள் போய், பெரிதாக்கும்போது படம் தானாகச் சாயும் வசதியை நிறுத்திவிடுங்கள். சாய்ந்த கோணத்தில் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். விசைப்பலகையில் 'யூ' விசை பார்வையை நேர்மேலே கொண்டுவரும், 'என்' வடக்கை மேலே திருப்பும், 'ஆர்' இரண்டையும் ஒன்றாகச் செய்யும். வேகமாக வேலை செய்வதற்கு இந்த மூன்று விசையும் போதும்.

அடுத்தது மேற்பட்டையில் உள்ள மணிக்கூட்டுக் குறி. அதை அழுத்தினால் கால வரிசைப் பட்டை வரும். இந்த மென்பொருளின் உயிர் அந்தப் பட்டைதான். மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் 1980கள் என்று காட்டுகிற படங்களைக் கண்டு மகிழ வேண்டாம். அவை லேண்ட்சாற் செய்மதியின் படங்கள். படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீற்றர். ஈமத்திட்டு முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நமக்கு உதவுவது 2000களின் தொடக்கத்திலிருந்து வருகிற, ஒரு புள்ளி அரை மீற்றர் அளவிலான செய்மதிப் படங்கள். ஒன்றரை மீற்றர் அகலமான அகழி அதில் மூன்று புள்ளி அகலம். கண்ணுக்குப் பிடிபடும் கடைசி எல்லை அதுதான்.

அளவுகோல் கருவியில் வட்டம் என்ற பகுதி உண்டு. நடுப்புள்ளியில் அழுத்தி வெளியே இழுத்தால் ஆரை, சுற்றளவு, பரப்பளவு மூன்றும் வரும். வரைந்த வட்டத்தைச் சேமித்து வைத்துவிட்டு ஆண்டு ஆண்டாகப் பட்டையை நகர்த்துங்கள். தடம் வட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா, நகர்கிறதா, மறைகிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

பழகுவதற்கு நல்ல இடம் ஸ்டோன்ஹெஞ்சுக்குத் தெற்கே உள்ள நோர்மன்டன் டவுன். அங்கே திட்டுகள் வரிசையாக நிற்கின்றன. 1808 இல் வில்லியம் கன்னிங்டன் தோண்டிப் பொற்பொருள்கள் எடுத்த புஷ் பரோ அவற்றில் ஒன்று. புல்லுக்குள் நிற்கும் முழுத் திட்டு, வெளிக்கரையும் நடுவில் சிறு மேடும் மட்டும் உள்ள தட்டு வடிவத் திட்டு, பக்கத்து வயலில் உழுது கரைந்து வெறும் வெளிறிய வட்டமாகிப் போனது என ஒரே திரையில் எல்லா நிலையும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வட்டம் வரைந்து, ஒவ்வொரு படத் திகதியிலும் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று எழுதி வைத்தால் எந்தப் பருவம் எதைக் காட்டும் என்பது சில மணி நேரத்திலேயே பிடிபட்டுவிடும். இந்தப் பயிற்சிக்குத்தான் நாலரை.

யாழ்ப்பாணத்துக்கு வந்தால்

முதல் சிக்கல் சூரியன். கூர்மையான படம் எடுக்கும் செய்மதிகளில் பெரும்பாலானவை காலை 10.30 ஐ ஒட்டி ஓர் இடத்தைக் கடக்கின்றன. டிசம்பரில் அந்த நேரம் வில்ட்சயரில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகைதான் எழும்பியிருக்கும். அரை மீற்றர் மேடுகூட நிழல் காட்டும். அதே மாதம், அதே நேரம் யாழ்ப்பாணத்தில் சூரியன் சுமார் 50 பாகையில் நிற்கும். சித்திரையிலோ ஆவணியிலோ 68 வரை போய்விடும். 10, 15 பாகைச் சரிவுள்ள மண் திட்டு அந்த வெயிலில் நிழல் போடவே போடாது. சூரியனுக்கு எதிர்ப்பக்கச் சரிவு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே நிழல் தடத்தை நம்பி இங்கே தேடுவது வீண். கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தைப் படங்களை மட்டும் எடுங்கள்.

மேடா பள்ளமா என்ற குழப்பமும் இங்கேதான் வரும். வெளிச்சம் திரையின் மேற்பக்கத்திலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். யாழ்ப்பாணத்தில் சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணிக் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. பக்கத்தில் நிற்கிற பனையைப் பாருங்கள். அதன் நிழல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் திரையின் கீழே வரும்படி படத்தைத் திருப்புங்கள். இப்போது வட்டத்தின் மேல் விளிம்பு வெளிச்சமாக இருந்தால் மேடு, கீழ் விளிம்பு வெளிச்சமாக இருந்தால் குழி. குடாநாட்டில் பனை இல்லாத படம் கிடைப்பது அரிது. இந்த ஒரு விடயத்தில் நமக்கு இங்கிலாந்தாரைவிட வசதி.

இரண்டாவது சிக்கல் மண். வலிகாமத்துச் செம்பாடு, அதாவது சிவப்பு மண், சுண்ணக்கல்லின் மேல் படிந்த மண். கல்லின் மேற்பரப்பு சமமானதல்ல. கரைந்து கரைந்து குழியும் வெடிப்புமாகக் கிடக்கிறது. ஓரிடத்தில் ஒரு சாண் மண், இரண்டு பாகம் தள்ளி ஆளுயர மண். கலட்டிப் பக்கம் போனால் கல் வெளியிலேயே தெரியும். ஆழமான மண் உள்ள இயற்கைக் குழிக்கு மேலே பயிர் செழிக்கும். அகழி காட்டுகிற அதே அடையாளத்தை இதுவும் காட்டும். வேறுபடுத்துவது வடிவத்தால்தான். இயற்கைக் குழி விளிம்பு பிசிறிய கரும்பச்சைப் பொட்டாக, நடுவும் சேர்த்து நிறைந்திருக்கும். வெட்டிய அகழி ஒரே அகலமான கோடாக, நடுவை விட்டு வளையமாக ஓடும். புத்தூரை அடுத்த நிலாவரை போல நிலம் உள்வாங்கி உண்டான கிணறுகள் இந்த மண்ணில் உண்டு. பெரிய வட்டமாக இருப்பதாலேயே ஒன்றை மனிதர் வெட்டினார் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது இறைப்பு. பயிர்த் தடம் வர வேண்டுமென்றால் பயிர் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி எல்லாம் கிணற்றிலிருந்து இறைத்து வளர்ப்பவை, அவை தவிப்பதில்லை. படத்தில் நீங்கள் காண்பது எந்தத் தறைக்கு நேற்று இறைத்தார்கள், எதற்கு நாலு நாளைக்கு முன் இறைத்தார்கள் என்பதை மட்டுமே. கறுப்பும் வெளிறலுமாகச் சதுரம் சதுரமாகத் தெரியும். அதோடு புகையிலையும் மிளகாயும் இடைவெளி விட்டு நடுகிற பயிர்கள். நெருக்கமாக விதைத்த தானியப் பயிரில் தெரிகிற மெல்லிய கோடு அவற்றில் தெரிய வழியில்லை. வாழைத் தோட்டத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மிஞ்சுவது மானாவாரி நெல், குரக்கன், எள்ளு, தரிசு. காலபோக நெல்லில் மார்கழிக்குப் பிறகு மழை முந்தி நின்றுவிட்ட ஆண்டுகளின் தைப் படம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். அடுத்தபடி அறுவடை முடிந்த மாசி, பங்குனி: வயலில் தானாக முளைத்த புல் எங்கே கடைசியாகக் காய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஐப்பசியில் முதல் மழைக்குப் பின் முளை எழும்பும் கிழமைகளும் நல்லவை, ஆனால் அப்போது முகில் இல்லாத படம் கிடைப்பது கடினம். உழுதவுடன் எடுத்த படம் மண் தடத்துக்கு உதவும். செம்பாட்டில் சாம்பல் கலந்த மங்கல் நிறத் திட்டு பழைய குடியிருப்பு மண்ணாக இருக்கலாம், வெள்ளைத் திட்டு இடிந்த வீட்டின் சுண்ணக்கல்லாகவோ கிணறு வெட்டிக் குவித்த கல்லாகவோ இருக்கலாம்.

எந்தப் படம் எந்த வரட்சிக்குரியது என்று தெரிய ஐரோப்பியச் செய்மதிப் படத் தளமான கோப்பர்நிக்கஸ் உலாவியில் சென்ரினல்-2 செய்மதியின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு புள்ளி 10 மீற்றர் என்பதால் திட்டுத் தெரியாது. ஆனால் ஐந்து நாளைக்கு ஒரு முறை வருவதால் உங்கள் வயல் எந்தக் கிழமையில் காயத் தொடங்கியது என்பது தெரியும். அதற்குப் பிறகு கூகுள் பட்டையில் அந்தத் திகதிக்கு அண்மையான படத்தைத் தேடுங்கள்.

ஒரு வட்டத்தைச் சோதிக்கும் முறை

கோப்பாய்ப் பக்கத்துத் தறையொன்றில் 18 மீற்றர் விட்டமுள்ள கரும்பச்சை வளையம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 254 சதுர மீற்றர், அதாவது யாழ்ப்பாணத்து நில அளவில் ஏறக்குறைய ஒரு பரப்புக் காணி. 36 மீற்றர் வட்டம் என்றால் நாலு பரப்பு. இந்தக் கணக்கு முக்கியம். யாழ்ப்பாணத்துத் தறைகள் சிறியவை. காணிப் பிரிப்புக்கு முந்திய ஒரு வட்டம் இன்றைய வரம்புகளுக்கும் வேலிகளுக்கும் கட்டுப்படாமல் இரண்டு மூன்று தறைகளுக்குள் குறுக்காக ஓட வேண்டும். ஒரு தறைக்குள்ளேயே அடங்கி, நாலு வரம்புக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும் வட்டம் அந்தத் தறைக்காரருடைய வேலையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அதே வளையம் வேறொரு ஆண்டில், வேறொரு பயிரில், அதே இடத்தில் தெரிய வேண்டும். ஒரே படத்தில் மட்டும் தெரிவதைக் குறித்து வைக்கலாம், நம்பக் கூடாது. இங்கேதான் மென்பொருளின் ஒரு குறை காலை வாரும்: வெவ்வேறு ஆண்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்துவதில்லை. சில மீற்றர் இங்கும் அங்கும் விலகும். வட்டம் நகர்ந்தது போலத் தெரிந்தால் அருகில் உள்ள கிணற்றுக் கட்டையோ கோயில் மதில் மூலையையோ பாருங்கள். அதுவும் அதே திசையில் அதே அளவு நகர்ந்திருந்தால் தடம் அசையவில்லை, படம்தான் அசைந்திருக்கிறது.

மூன்றாவது, அது எப்போது தோன்றியது என்று பாருங்கள். ஒரு படத்தில் இல்லை, அடுத்த படத்தில் திடீரென்று கூர்மையான விளிம்போடு வந்து, பின்னர் ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது என்றால் அது புதிய வேலை. தொல்தடம் அப்படி நடக்காது. வரட்சியில் வரும், மழையில் போகும், மறுபடி வரும்.

ஏமாற்றுகிறவற்றை இங்கத்தைய பெயர்களிலேயே தெரிந்து வைத்திருப்பது நல்லது. சூடு (அறுத்த நெற்கதிர்) அடுக்கிய இடம் ஆறேழு மீற்றர் வெளிறிய வட்டமாக அடுத்த போகம் வரை தெரியும். களம் இன்னும் பெரிது, நடுவும் விளிம்பும் ஒரே நிறம், ஒற்றையடிப் பாதை ஒன்று அதை நோக்கி வரும். வைக்கல் பட்டடை நின்ற இடத்தில் உரம் ஊறிப் பிறகு பச்சை வட்டமாகும். மாட்டுப் பட்டி அடைத்த நிலமும் அப்படித்தான், ஆனால் வளையமாக இல்லாமல் முழுத் திட்டாக இருக்கும். தூர்த்த கிணறு மூன்று நாலு மீற்றர் கரும்புள்ளி; அதிலிருந்து பழைய வாய்க்கால் கோடு ஒன்று வெளியே போவதைக் காணலாம். சுண்ணாம்புச் சூளை வெள்ளை நடுவும் கறுத்த விளிம்புமாகத் தெரியும்.

போர்க்காலத் தடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல்லும் குண்டும் விழுந்த குழிகள் விளிம்பில் மண் எழும்பி, நடுவில் பள்ளமாக, ஈமத்திட்டின் அகழியையும் கரையையும் அப்படியே ஒத்திருக்கும். பல ஒரே வரிசையில் அல்லது கொத்தாக இருக்கும், மழைக்குப் பின் நடுவில் தண்ணீர் நிற்கும். மண் அணைகளும் பங்கர்களும் கோணல் கோடுகளாகத் தெரியும். வலிகாமம் வடக்கில் பல ஆண்டுகள் மக்கள் போக முடியாமல் கிடந்த காணிகள் பழைய படங்களில் பற்றைக்காடாகவே தெரிகின்றன, பிந்திய படங்களில் புல்டோசர் போட்டுத் துப்புரவாக்கிய தடம். அங்கே மேற்பரப்பு அடையாளம் எதையும் முற்காலத்தோடு சேர்த்துப் பேசுவதற்கு முன் மிகுந்த நிதானம் வேண்டும். ஆபத்து நீக்கப்படாத நிலத்துக்குள் வட்டம் தேடி நடக்கவே கூடாது.

படத்தின் கூர்மை போதுமா என்று சந்தேகம் வந்தால் கந்தரோடையில் உள்ள பழைய பௌத்தத் தூபிகளைத் திறந்து பாருங்கள். அவை ஈமத்திட்டுகள் என்ற கருத்தில் சொல்லவில்லை. அளவு தெரிந்த வட்டங்கள் பல ஒரே இடத்தில் கிடக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம். பெரியவை தனித்தனி வட்டமாகப் பிரிந்து தெரிகின்ற திகதிகளை மட்டும் எழுதி வையுங்கள். அவையே ஒன்றோடொன்று கலங்கித் தெரிகிற படத்தில் வயலுக்குள் மெல்லிய வளையம் தேடுவது கண்ணுக்குச் செய்யும் கொடுமை.

மென்பொருளின் குறைகள்

முப்பரிமாண நிலத் தோற்றத்தை நம்பாதீர்கள். உயரத்தை மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும் வசதி உண்டு, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அடியில் உள்ள உயரத் தரவு பெரும்பாலும் 30 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான். 20 மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமும் உள்ள திட்டு அந்தத் தரவில் இல்லவே இல்லை. இல்லாததை எத்தனை மடங்கு பெருக்கினாலும் வராது. கோடு வரைந்து உயர வெட்டுமுகம் எடுக்கும் வசதிக்கும் இதே கதிதான். சமதரையான குடாநாட்டில் அந்த வளைகோட்டில் தெரிகிற ஏற்ற இறக்கம் பலவேளை பனங்கூடலின் உயரம்.

நிறத்தைத் திருத்த உள்ளே கருவி எதுவும் இல்லை. படத்தைச் சேமித்து, கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் வளைவுக் கருவியால் பச்சை, சிவப்பு அலைவரிசைகளின் வேறுபாட்டைக் கூட்டினால் மங்கிய வளையம் எழும்பி வரும். அளவாகக் கூட்டுங்கள். எல்லை மீறினால் படச் சுருக்கத்தால் வரும் சதுரக் கட்டங்களே தடம் போலத் தெரியத் தொடங்கும்.

குறித்த இடங்களை மென்பொருள் ஒழுங்காக மூடும்போதுதான் சேமிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அன்றைய குறிப்புகளும் போகும். கோப்புப் பட்டியலில் 'எனது இடங்களைச் சேமி' என்பதை அடிக்கடி அழுத்துங்கள், கிழமைக்கு ஒரு முறை முழுக் கோப்புறையையும் வெளியே ஏற்றுமதி செய்து வையுங்கள். படத் திகதி கீழ்ப்பட்டையில் தெரியும். ஒரே திரைக்குள் இரண்டு படங்கள் ஒட்டப்பட்டிருக்கலாம் என்பதால் வளையத்தின் மேலேயே சுட்டியை வைத்துத் திகதியைப் படியுங்கள்.

குறைகளுக்கு நடுவே ஒரு நல்ல வசதியைக் குறிப்பிடாமல் விட முடியாது: படத்தை மேலே விரிப்பது. பழைய ஒரு அங்குல வரைபடத்தையோ நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படத்தையோ வருடிக் கணினிக்குள் எடுத்து, குளக்கட்டு, கோயில், சந்தி என்று மூன்று நாலு மாறாத இடங்களில் பொருத்தி, ஊடுதெரிதலைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். வீடுகள் பெருகும் முன்னர் இருந்த திட்டி எது, நிரவி வீடு கட்டியது எது என்பது இதில்தான் விளங்கும். 1960 முதல் 1972 வரை பறந்த அமெரிக்கக் கொரோனா உளவுச் செய்மதிகளின் படங்கள் 1995 இல் வெளியிடப்பட்டன. பிந்திய கமராக்களின் கூர்மை சுமார் 1.8 மீற்றர். அமெரிக்க நிலவியல் அளவைத் தளத்தில் உங்கள் ஊருக்கு முகில் இல்லாத படம் கிடைத்தால் அதையும் இப்படி விரித்துப் பார்க்கலாம். மெல்லிய அகழி அதில் தெரியாது. உழவு மிசினும் புல்டோசரும் வருவதற்கு முந்திய மேடுகள் தெரியும்.

ஏன் இரண்டரை மட்டும்?

1980 இல் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது வெளிவந்தவை மண்ணுக்குள் நீட்டிக் கிடத்திய உடல்கள், அவற்றோடு வைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை. மேலே கல்வட்டம் இல்லை. சுற்றி அகழி இல்லை. வட்டமான தடத்தை உண்டாக்கக்கூடிய எதுவுமே இல்லை. வில்பத்துப் பக்கத்துப் பொம்பரிப்பில் இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகள் நிலத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கரில் பரந்த ஆதிச்சநல்லூர் தாழிக்காடு வானிலிருந்து பார்த்தால் வெறும் பரல் மேடு. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கடுவவிலும் கிழக்கே கதிரவெளியிலும் உள்ள கற்பதுக்கைகள் (கற்பலகைகளால் பெட்டிபோல அமைத்த புதைகுழிகள்), தொண்டை மண்டலத்துச் சாணூரின் கல்வட்டங்கள் போன்றவற்றுக்குக் கல் உண்டு, ஆகவே வெளி நிலத்தில் செய்மதிக்கு ஏதாவது பிடிபடலாம். குடாநாட்டில் அத்தகைய பெருங்கல்லும் இல்லை.

ஆகவே இங்கே வட்டத்தைத் தேடுவதைவிட இடத்தைத் தேடுவதற்கே இந்த மென்பொருளைப் பாவிக்க வேண்டும். கடனீரேரிக்கோ பழைய குளத்துக்கோ அருகில், சுற்றியுள்ள வயல் மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்கும்போது தனியே உலர்ந்து தெரியும் திடல், பிட்டி. கார்த்திகை, மார்கழியில் முகில் விலகிய படம் ஒன்று கிடைத்தாலே போதும். உயரத் தரவு காட்டாத அரை மீற்றர் மேட்டைத் தேங்கிய தண்ணீர் காட்டிவிடும். அந்த மேட்டின் விளிம்பைப் பலகோணமாக வரைந்து, பழைய படங்களில் அதிலிருந்து மண் அள்ளிய வடு இருக்கிறதா என்று பாருங்கள். மண் அள்ளிய வெட்டுமுகத்தில்தான் மட்பாண்ட ஓடுகளும் எலும்பும் வெளியே தெரியும். குடாநாட்டுக்கு இந்த மென்பொருளால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான். இரண்டரையில் இரண்டு இதற்கே.

இடத்தைப் போய்ப் பார்ப்பதென்றால் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு, உழுது முதல் மழை பெய்த பிறகு போங்கள். ஓடுகள் கழுவுப்பட்டு மேலே கிடக்கும். எடுக்காமல், அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்தால் போதும். மண்வெட்டி போடக் கூடாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். ட்ரோன் பறக்கவிடுவதற்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. பலாலி விமான நிலையச் சுற்றாடலில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் பிரிவுக்கோ அறிவிக்கும்போது ஒரு வட்டம் போட்ட படத்தை மட்டும் அனுப்பினால் எவரும் எதுவும் செய்ய முடியாது. தசமப் பாகையில் ஐந்து இலக்கம் வரை அகலாங்கு நெட்டாங்கு, கிராம அலுவலர் பிரிவு, தடம் தெரிந்த படத் திகதிகள், தெரியாத படத் திகதிகள், அந்த நேரத்துப் பயிர், வட்டத்தின் விட்டம் அல்லது திடலின் நீள அகலம், வரம்பை வெட்டிப் போகிறதா இல்லையா, கோடும் எழுத்தும் போடாத படம் ஒன்று, போட்ட படம் ஒன்று, குறித்த இடங்களை ஏற்றுமதி செய்த கேஎம்எல் கோப்பு: இவ்வளவும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். தெரியாத திகதிகளையும் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். தடம் உண்மையானதா என்று தீர்மானிப்பவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பட்டியல்தான். இடத்தின் அமைவிடத்தை முகநூலில் போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.